பழைய துருக்கிக் காபிக் கோப்பை: குதாஹ்யாவா, யில்டிஸா?

ஆட்டோமன் காலத்துக் காபிக் கோப்பை ஒன்று வாங்க ஆசைப்படுகிறவர் கடைசியில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, மேற்கு அனத்தோலியாவின் குதாஹ்யா நகரில் 18ஆம் நூற்றாண்டில் வனைந்தது. இன்னொன்று, 1890களில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது இஸ்தான்புல்லின் யில்டிஸ் அரண்மனை வளாகத்தில் தொடங்கிய ஆலையின் போர்சிலின். நான் வாங்கியது குதாஹ்யா. விளிம்பில் சில்லு பெயர்ந்த கோப்பை. அந்தச் சில்லைப் பார்த்த பிறகுதான் வாங்கவே துணிந்தேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மட்பாண்டங்களுக்குப் புகழ்பெற்ற துருக்கி நகரமான இஸ்னிக் ஏன் இந்தப் போட்டியில் இல்லை? அதன் பொற்காலம் 16ஆம் நூற்றாண்டு. இஸ்தான்புல்லில் காபிக் கடைகள் வந்ததே அந்த நூற்றாண்டின் நடுவில்தான். காபி வீட்டுக்கு வீடு பரவிக் கோப்பைக்குக் கிராக்கி ஏறியபோது இஸ்னிக் நொடிக்கத் தொடங்கிவிட்டது. 1648இல் அங்கே ஒன்பது பட்டறைகளே மிச்சம் என்று ஆட்டோமன் பயண எழுத்தாளர் எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். ஏலங்களில் இஸ்னிக் என்று வருபவை பெரும்பாலும் தட்டுகள், கூஜாக்கள், சுவர் ஓடுகள். சனாக்கலே என்ற துருக்கி ஊரின் பாண்டங்கள் எனக்குப் பிடிக்கும், கப்பல் வரைந்த தட்டுகள் குறிப்பாக. ஆனால் அவை தடித்த மண்; காபிக்கானவை அல்ல.

யில்டிஸின் நிறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெட்டியான போர்சிலின், கறை ஏறாது. அடியில் பிறையும் நட்சத்திரமும் சேர்ந்த முத்திரை இருக்கும், பலவற்றில் ஆண்டும் இருக்கும். இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் நீரிணைக் கரைக் காட்சிகளைக் கையால் தீட்டிய வேலைப்பாடு நேர்த்தியானது. வைத்துக்கொள்வதும் எளிது, விற்பதும் எளிது. என் குறை ஒன்றுதான்: அதன் பாணி முழுக்கப் பிரான்சின் போர்சிலினைப் பார்த்து அமைந்தது. முத்திரையை மட்டும் நம்பி வாங்குகிறவர்களுக்காகவே போலிகளும் உலவுகின்றன.

குதாஹ்யாவுக்கு வருவோம். அங்கே இந்தத் தொழிலில் முன்னின்றவர்கள் ஆர்மீனியக் கைவினைஞர்கள். 1510ஆம் ஆண்டைக் குறிக்கும் ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கெண்டி ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் காபிக் கோப்பை அந்த ஊரின் பிழைப்பாகவே ஆகிவிட்டது. 1766இல் 24 பட்டறைகளின் உரிமையாளர்களும் தொழிலாளர்களும், எத்தனை கோப்பைக்கு எவ்வளவு கூலி என்று பேசி முடித்த ஒப்பந்தம் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அப்படிக் கூலி பேசி வனைந்த கோப்பைகளில் ஒன்று என் உள்ளங்கையில் இருக்கலாம் என்ற நினைப்பே எனக்குப் பெரிது.

கைப்பிடி கிடையாது; முட்டை ஓட்டைப் போல மெல்லியது. சூடு தாங்க அதை ஸர்ஃப் என்ற உலோகக் கூட்டுக்குள் வைத்துப் பரிமாறினார்கள். பித்தளை, வெள்ளி, பொன்முலாம் என அவரவர் வசதிக்கு ஏற்ப. கருங்கோட்டுக்குள் நீலம், பச்சை, செங்காவி, அப்புறம் அந்த மஞ்சள். இஸ்னிக்கின் உச்சகாலப் பாண்டங்களில் காணாத நிறம் அது. கோடுகள் அவசரமாக ஓடியிருக்கும், பூ ஒன்று சற்றுச் சரிந்திருக்கும். எனக்கு அதுதான் அழகு. சீனக் கோப்பைகளும் ஜெர்மனியின் மைசன் கோப்பைகளும் சந்தையை நெருக்கியபோது குதாஹ்யாக்காரர்கள் அசரவில்லை. மைசனின் குறுக்குவாள் முத்திரையைப் போன்ற குறியையே சில கோப்பைகளின் அடியில் போட்டார்கள். துருக்கிச் சந்தைக்கென்றே 1730களில் மைசன் செய்த கைப்பிடியற்ற கோப்பைகளை நான் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி, கையாண்டதில்லை. அதனால் அவற்றை எடைபோட நான் தகுந்த ஆள் இல்லை.

இனி, எதை எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் விஷயம்: பழுது பார்த்த தழும்பு. குதாஹ்யாவின் உடல் பெரும்பாலும் குவார்ட்ஸ் பொடி சேர்ந்த வெள்ளை நிறக் கலவை. போர்சிலின் அளவுக்கு இறுகாதது, நீரை உறிஞ்சும். மேலே கிளேஸ் என்ற மெருகுப் பூச்சு கண்ணாடிபோல மூடியிருந்தாலும், அதில் மயிரிழை வெடிப்பு விட்டால் அழுக்கும் ஈரமும் உள்ளே இறங்கிப் பழுப்பாகப் படிந்துவிடும். அடி வளையத்தில் கிளேஸ் இல்லாத இடம் தண்ணீரில் ஊறக் கூடாது. இத்தனை நொய்மையான பொருள் 250, 300 ஆண்டுகள் கடந்து வந்து, விளிம்பில் ஒரு குறையும் இல்லாமல் பளபளத்தால் நான் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் யாரோ பிசின் வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு சில காலத்தில் மஞ்சளித்துவிடும். அதை நீக்கினால் அடியில் எவ்வளவு அசல் இருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பெயர்ந்த சில்லோ பொய் சொல்லாது. உடைந்த இடத்தில் உடலின் நிறமும் கிளேஸின் தடிமனும் அப்படியே தெரியும்.

ஆகவே இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய பிசினும் மேற்பூச்சும் பல சமயம் சுற்றியுள்ள கிளேஸிலிருந்து வேறு விதமாக ஒளிரும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் விலகிவிடலாம். யில்டிஸில் இந்தக் கவலை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பராமரிக்க நேரமில்லாதவர்கள், மறுவிற்பனையை எண்ணி வாங்குகிறவர்கள் தயங்காமல் அதையே எடுக்கலாம். சில்லுள்ள குதாஹ்யாவுக்கு விற்கும்போது விலை குறையும். ஆனால் ஒளித்து வைத்த ஒட்டு வெளிப்படும்போது குறைவது அதைவிட அதிகம்.

வாங்குமிடம் பற்றியும் ஒன்று. துருக்கியின் 1983ஆம் ஆண்டு 2863ஆம் எண் சட்டப்படி, பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்துகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். அதனால் இஸ்தான்புல் கடைவீதியில் மயங்கி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏற நினைக்காதீர்கள். கோப்பை பல காலம் முன்பே வெளியே வந்ததற்கான ஆவணத்தோடு, பெயருள்ள ஏலத்தில் எடுப்பதே முறை. வாங்குமுன் கண்ணைப் பழக்க, இஸ்தான்புல்லின் பேரா அருங்காட்சியகத்தில் உள்ள குதாஹ்யா சேகரிப்பைப் பார்த்துவிடுங்கள்.

அதில் காபி குடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். கிளேஸில் ஈயம் உண்டு. தேய்ந்து வெடித்த கிளேஸில் சூடான, புளிப்புள்ள பானம் ஊற்றுவது உங்களுக்கும் ஆகாது, கோப்பைக்கும் ஆகாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் இருந்தால் போதும்.