தோட்டாவை மாற்றுவதா, பயரிங் பின்னைச் சுத்தம் செய்வதா?

ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே அரித்துப்போகும். மாமாவின் உரிமம் பெற்ற .32 பிஸ்டல், பயிற்சியில் எப்போதாவது வெடிக்காமல் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். தோட்டாவை மாற்றலாம் என்றார் மாமா. தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியான பயரிங் பின்னைச் சுத்தம் செய்யலாம் என்றேன் நான்.

தோட்டாவை மாற்றுவது சுலபம். தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பற்றும் சிறு மூடிதான் பிரைமர். ஈரமோ எண்ணெயோ அதற்குள் இறங்கியிருந்தால் அதுவே போதும்.

பின்னைச் சுத்தம் செய்வது வேலை பிடிக்கும். ஆனால் கடலோரத்தில் என் முதல் சந்தேகம் அங்கேதான். துருவுக்குப் பயந்து எண்ணெயைத் தாராளமாக விடுகிறோம். அது தூசியோடும் வெடிமருந்துக் கரியோடும் சேர்ந்து, அந்த ஊசி ஓடும் துளையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஊசி வேகமிழந்து பிரைமரை மெல்லத்தான் தட்டும். ஊசிக்கு விசை தரும் ஸ்பிரிங் தளர்ந்தாலும், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு முழுக்க மூடாவிட்டாலும் இதே கதி.

சரி, எது காரணம்? வெடிக்காத தோட்டாவைப் பாருங்கள். பிரைமரில் குழி ஆழமாக இருந்தால் பெரும்பாலும் தோட்டாவின் கோளாறு. லேசாக இருந்தால் முதலில் பிஸ்டலைச் சந்தேகிக்க வேண்டும். மாமாவுடையதில் லேசான குழிதான். சுத்தம் செய்து, அந்தத் துளையை எண்ணெயில்லாமல் உலரவிட்டதும் சரியானது.

'டிக்' கேட்டதும் தயவுசெய்து ஸ்லைடை இழுக்காதீர்கள். தோட்டா தாமதமாக வெடிப்பதும் உண்டு. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து 30 விநாடியாவது காத்திருங்கள். ஸ்பிரிங் மாற்ற வேண்டுமென்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.