மலிவு விலை ஹைட்ராலிக் ஜாக்கியுடன் ஓராண்டு: ஏற்றுவது எளிது, இறக்குவதில்தான் இருக்கிறது விஷயம்

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர்களுக்குச் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதுகூட இரண்டு ஆள் வேலைதான். ஒருவர் வண்டியைச் சைடு ஸ்டாண்டின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குனிந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பின்சக்கரத்தின் பேரிங் தேய்ந்து, சக்கரத்தையே கழற்ற வேண்டிய நிலை வந்தபோது, இனி இப்படிச் சமாளிக்க முடியாது என்று முடிவுசெய்து, சந்தையில் கிடைப்பவற்றுள் மிகக் குறைந்த விலைப் பிரிவைச் சேர்ந்த ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றை வாங்கினேன். கடந்த ஓராண்டில் ஏறக்குறைய 30 முறை, 190 கிலோ எடையுள்ள என் வண்டியை அதில் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

கார்களுக்கான பாட்டில் ஜாக்கியே போதாதா என்று பலரும் கேட்பதுண்டு. போதாது. பாட்டில் ஜாக்கியை முழுவதும் இறக்கி வைத்தாலும் அது பெரும்பாலும் 18 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். பல மோட்டார் சைக்கிள்களின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியோ அதைவிடக் குறைவு. நுழைந்தாலும், உள்ளங்கை அளவுகூட இல்லாத அதன் தலையில் இரண்டு சக்கர வண்டி நிலையாக நிற்காது. நான் வாங்கியது காலால் மிதித்து ஏற்றும் வகை: அடியில் நான்கு உருளைகள், மேலே ரப்பர் பதித்த இரண்டு நீளமான கைகள், ஏற்றுவதற்கு ஒரு பெடல், இறக்குவதற்கு ஒரு பெடல். முழுவதும் இறங்கிய நிலையில் 12 சென்டிமீட்டர், முழுவதும் ஏறிய நிலையில் 38 சென்டிமீட்டர். தாங்கும் எடை 680 கிலோ, அதாவது 1500 பவுண்டு, என்று பக்கவாட்டில் எழுதியிருக்கிறது.

ஏற்றும் வேலையில் இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கையடக்கமான ஹைட்ராலிக் ஜாக்கிக்கு ரிச்சர்ட் டட்ஜன் 1851ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை என்பதால், மலிவான தயாரிப்பும் இந்தப் பகுதியைச் சரியாகவே செய்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, எண்ணெயைத் தள்ளும் பம்பின் பிஸ்டன் 10 மில்லிமீட்டர் விட்டமும், தூக்கும் பிஸ்டன் 30 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை என்றால் பரப்பளவில் ஒன்பது மடங்கு வேறுபாடு கிடைக்கிறது. பெடலின் நெம்புகோல் ஆதாயம் பத்து மடங்கு என்று கொண்டால், 20 கிலோ அழுத்தத்தில் மிதிக்கும் கால் 1800 கிலோவுக்குச் சமமான தள்ளுவிசையைப் பெற்றுவிடுகிறது. அதில் ஒரு பங்கைச் சாய்ந்து நிற்கும் கைகளின் கோணம் விழுங்கிவிடும். கைகள் தாழ்ந்திருக்கும் தொடக்கத்தில் இந்த இழப்பு மிக அதிகம் என்பதால் முதல் சில மிதிகள் கடினமாக இருக்கும். அந்த மிதிகளில் டயர்கள் தரையை விட்டு எழாததைக் கண்டு ஜாக்கி பழுதென்று நினைக்க வேண்டாம்; அழுந்தியிருக்கும் சஸ்பென்ஷன் முதலில் விரிந்து முடிக்க வேண்டும்.

கைகளை எங்கே கொடுக்கிறோம் என்பதில் கவனம் தேவை. என்ஜினுக்கு அடியில் ஓடும் சட்டக் குழாய்களே சரியான இடம். சைலன்சர் குழாய், ஆயில் ஃபில்டர், ஆயில் வடிக்கும் போல்ட் ஆகியவற்றில் எடை விழக்கூடாது. என் வண்டியில் சைலன்சர் குழாய் சட்டத்தைவிடக் கீழே இறங்கியிருப்பதால், இரண்டு அங்குலக் கனமுள்ள மரத்துண்டுகளைக் கைகளின்மேல் வைத்தே ஏற்றுகிறேன்.

விளக்கத்தாளில் சொல்லப்படாத முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த ஜாக்கியின் கைகள் நேர்செங்குத்தாக மேலே எழுவதில்லை. வில்போல வளைந்து, எழும்போதே பக்கவாட்டிலும் நகர்கின்றன. வண்டியின் பக்கவாட்டிலிருந்து நுழைக்கப்படும் ஜாக்கி என்பதால், இந்த நகர்வு வண்டியைக் குறுக்காகத் தள்ளும். அதை ஈடுகட்ட ஜாக்கி தானாக உருண்டு நகர்ந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து உருளைகளை முன்கூட்டியே பூட்டிவிட்டால், டயர்கள் தரையைப் பற்றியிருக்கும் நேரத்தில் நடுப்பகுதி மட்டும் தள்ளப்பட்டு வண்டி சாயும். வண்டி முழுவதும் எழுந்தபின் பூட்ட வேண்டும். இறக்குவதற்கு முன் மறக்காமல் திறந்துவிட வேண்டும். சொரசொரப்பான தரையில் இந்தச் சிறிய உருளைகள் சிக்கிக்கொள்கின்றன. ஒரு மணற்துகள்கூட அவற்றை நிறுத்திவிடுகிறது.

இனி இறக்கும் விஷயம். வாங்கிய அன்று எடை ஏதும் இல்லாமல் ஏற்றிப் பார்த்து, இறக்கும் பெடலை மிதித்தபோது கைகள் பூப்போல மெதுவாக இறங்கின. கடைசியில் காலால் அழுத்தித்தான் அவற்றை முழுவதும் தாழ்த்த முடிந்தது. அதை நம்பியதுதான் தவறு. பேரிங்கை மாற்றிச் சக்கரத்தைப் பூட்டியபின், வண்டி ஏறியிருந்த நிலையில், காலின் கட்டைவிரலால் மட்டும் அதே பெடலைத் தொட்டேன். சிறிது தூரம் வரை ஒன்றும் நிகழவில்லை. இன்னும் ஒரு மயிரிழை அழுத்தியதும் 190 கிலோவும் ஒரே மூச்சில் கீழே வந்தது. டயர்கள் தரையில் மோதி, சஸ்பென்ஷன் அழுந்தி எழும்பி, வண்டி சைடு ஸ்டாண்ட் இல்லாத வலப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. நான் அந்தப் பக்கம் நின்றிருந்ததாலும், இடுப்பை முட்டுக்கொடுத்ததாலும் தப்பியது. இடுப்பில் ஹேண்டில்பாரின் நுனி பதிந்த கன்றல் இரண்டு வாரம் இருந்தது.

காரணம் எளிமையானது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் வழியை ஒரு சிறிய குண்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. பெடல் அந்தக் குண்டை அது பதிந்திருக்கும் இடத்திலிருந்து விலக்குகிறது. விலகிய இடுக்கின் வழியே எண்ணெய் பாயும் வேகம், மேலே உள்ள எடை தரும் அழுத்தத்தைப் பொறுத்துக் கூடும். ஆகவே வெறும் கைகள் தயங்கித் தயங்கி இறங்கிய அதே திறப்பில், வண்டி பாய்ந்து இறங்குகிறது. விலை கூடிய ஜாக்கிகளில் இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருக்கும், அல்லது வால்வு நுணுக்கமாகத் திறக்கும். இதில் மூடிய நிலைக்கும் முழுவதும் திறந்த நிலைக்கும் இடையே பெடலின் அசைவு ஒரு விரற்கடைகூட இல்லை. விளக்கத்தாளில் ஏற்றுவதற்கு எட்டு வரிகளும் இறக்குவதற்கு ஒரே வரியும் இருப்பதை அதன்பிறகுதான் கவனித்தேன்.

நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. இறக்கும் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டைத் திருகாணியால் பொருத்தி, பெடல் ஓரளவுக்குமேல் தாழாதபடி தடுத்தேன். அந்தத் துண்டைச் சிறிது சிறிதாகச் சீவி, வண்டி ஏறக்குறைய ஐந்து வினாடிகளில் இறங்கும் அளவுக்குக் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது ஆனது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் ஏற்றாமல், வண்டியை இருபுறமும் பட்டைகளால் இழுத்துக் கட்டி இந்தச் சோதனைகளைச் செய்தேன். இப்போது சைடு ஸ்டாண்டை விரித்து வைத்து, முன்பிரேக் லீவரை ரப்பர் பட்டையால் கட்டி, வலப்பக்கம் நின்று இறக்குகிறேன். ஒரு ஆளே போதும்.

இன்னொரு குறை, ஏற்றி வைத்த வண்டி மெல்ல மெல்லத் தாழ்வது. சுண்ணக்கட்டியால் குறியிட்டுப் பார்த்ததில் ஒரு மணி நேரத்தில் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. எண்ணெயை வடித்தபோது, அடியில் உலோகப் பொடி மினுங்கியது. தொழிற்சாலையில் சரியாகக் கழுவாமல் விட்ட மிச்சம். கழுவிப் புதிய ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றி, இறக்கும் வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து முறை மிதித்துக் காற்றை வெளியேற்றியபின் தாழ்வது ஒரு மில்லிமீட்டராகக் குறைந்தது. கைக்குக் கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். இந்த வகை ஜாக்கிகளில் உள்ள சீல்களை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வண்டிக்கடியில் கைவைக்கும் வேலைக்கு முன் பக்கவாட்டில் உள்ள, கைகளைத் தாழவிடாமல் தடுக்கும் பூட்டுத்தண்டை இடுவது கட்டாயம். என் ஜாக்கியில் அந்தத் தண்டு உறுதியாகவே இருக்கிறது. அதன் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் சற்று அதிகம்.

செயின், டயர், பிரேக் ஷூ அளவிலான வேலைகளுக்கு இதை வாங்கலாம். முன்ஃபோர்க்கைக் கழற்றுவது, என்ஜினை இறக்குவது போன்றவற்றில் எடைமையம் இடம் மாறிவிடும் என்பதால், மேலிருந்து கட்டித் தொங்கவிடும் ஏற்பாடும் இல்லாமல் இதை மட்டும் நம்ப மாட்டேன். கடையிலேயே சோதிக்க வாய்ப்பிருந்தால், கனமான எதையாவது கைகளின்மேல் வைத்து இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.