கேட்ராக்ட் ஆபரேஷன் பயம்: தாளா, வீடியோவா, ஆள் பேச்சா?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா பக்கம் நம் பெரியவர்களுக்குக் கேட்ராக்ட் (கண்புரை) ஆபரேஷன் என்றால் வலியைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: "நடுவுல கண்ணைச் சிமிட்டிட்டா என்ன ஆகும்?" இதற்கு யார் சரியாகப் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் என் ஓட்டு.

ஆஸ்பத்திரியில் தரும் தாள் சொல்லாது. புரை விழுந்த கண்ணால் பொடி எழுத்தை வாசிக்கவே முடியாது, அதிலும் இந்தி, மராத்தி என்றால் கேட்கவே வேண்டாம். சொட்டு மருந்து எத்தனை வேளை, சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று வீட்டார் பார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

வீடியோவில் இரண்டு வகை. யூடியூபில் கிடைப்பவை பல, டாக்டரின் மைக்ரோஸ்கோப் வழியே எடுத்தவை. திரை நிறைய ஒரு கண், அதற்குள் கருவி. அப்பாவுக்குக் காட்டினால் ஆபரேஷனே வேண்டாம் என்பார். படுத்திருப்பவர் பக்கமிருந்து சொல்லும் வீடியோ நல்லது, தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் எதிர்க்கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

கவுன்சிலர், அதாவது ஆபரேஷனைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்லும் ஆஸ்பத்திரி ஊழியர், உட்கார்ந்து பேசுவதுதான் பயத்தைத் தொடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. கவுன்சிலர் சொல்ல வேண்டியது இதுதான்: இமையை ஒரு கிளிப் பிடித்துக்கொள்ளும், சிமிட்டினாலும் பாதகமில்லை; முகத்தில் துணி போட்டாலும் மூச்சு முட்டாது; பளிச்சென்று வெளிச்சம், சில சமயம் நிறங்கள் தெரியும்; தண்ணீர் வழியும், மெஷின் சத்தம் கேட்கும்; இருமல் வந்தால் முதலில் வாயால் சொல்லுங்கள், தலையை ஆட்டாதீர்கள்; சிக்கல் இல்லாவிட்டால் பெரும்பாலும் 10–20 நிமிட வேலை. பாதிப் பயம் இதிலேயே போய்விடும். மும்பையில் தமிழ் தெரிந்த கவுன்சிலர் கிடைக்காவிட்டால் பிள்ளைகள்தான் மொழிபெயர்க்க வேண்டும். அங்கேதான் கோளாறு. அவர் பத்து வாக்கியம் சொல்வார், மகன் "ஒண்ணுமில்லப்பா, பயப்படாதீங்க" என்று முடித்துவிடுவான்.

பக்கத்து வீட்டு அக்காவின் அனுபவம் கவுன்சிலரையும் மிஞ்சும், நல்லதற்கும் கெட்டதற்கும். அவருக்குத் தையல் போட்ட பழைய ஆபரேஷன் என்றால் அந்தக் கதை இன்றைக்குப் பொருந்தாது. அண்மையில், அதே ஆஸ்பத்திரியில் செய்துகொண்டவர் என்றால் தாராளமாகப் பேசவிடுங்கள். இரண்டாவது கண்ணுக்குப் போகிறவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: முதல் தடவையைவிட இந்த முறை கொஞ்சம் அதிகம் வலித்ததாகப் பலர் சொல்வதுண்டு, அதனால் ஏதோ தப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம்.

என் தேர்வு கவுன்சிலர், அதுவும் முந்தைய நாளே. ஆபரேஷன் அன்று காலை சொட்டு மருந்து விட்டு உட்கார்ந்திருக்கும்போது எதுவும் காதில் ஏறாது. போனதும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டுமா, கண் பக்கத்தில் ஊசியும் உண்டா? ஊசி என்றால் உள்ளே தெரிவதும் உணர்வதும் கொஞ்சம் மாறும், விளக்கத்தையும் அதற்கேற்றபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.