எண்ணூர் வெயிலுக்கு எந்தக் கம்ப்யூட்டர்: ஃபேன் உள்ளதா, இல்லாததா?

மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் எடை மேடைக்கோ கன்டெய்னர் யார்டு கேட்டுக்கோ கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஃபேன் இருந்தால்தானே சூடு வெளியே போகும்? ஏசி அறை என்றால் சரி. தகரக் கொட்டகையில் கணக்கே வேறு.

ஃபேன் வைத்த சின்ன பிசி புதிதில் நன்றாகவே ஓடும். விலையும் குறைவு. ஆனால் அந்த ஃபேன் காற்றோடு சேர்த்து, காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூளையும், அனல் மின் நிலையச் சாம்பலையும், கடல் உப்பையும் உள்ளே இழுக்கிறது. ஒரு கோடை ஓடிய பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபேன் இறக்கைகளின் ஓரத்தில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கின் இடுக்கெல்லாம் அடைத்திருக்கும், ஸ்க்ரூ தலைகளில் துரு. ஈரம் ஏறிய உப்புத் தூசி மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் போர்டுக்கும் ஆபத்து. இந்தப் பெட்டிகளின் ஹீட் சிங்க் ஃபேனை நம்பியே சின்னதாகச் செய்யப்பட்டது. ஃபேன் நின்றால் முதலில் வேகம் குறையும், அப்புறம் தானாக அணைந்துவிடும். லாரி வரிசையில் சிக்கி அங்கே ஆள் போய்ச் சேரவே அரைநாள் ஆகும்.

ஃபேன் இல்லாத பெட்டியில் சிப்பின் சூடு தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) வழியாக நேரே அலுமினிய உடம்புக்கு வருகிறது. உடம்பே ஹீட் சிங்க். "அண்ணே, பொட்டி மேல கையே வைக்க முடியலை, வெடிச்சிடுமா?" என்று வாட்ச்மேன் பயப்படுவார். அந்தச் சூடு நல்ல அறிகுறி. உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். மேலே ஜில்லென்று இருந்து, சாஃப்ட்வேர் மட்டும் நகராமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். சிப்புக்கும் உடம்புக்கும் நடுவே ஒட்டுதல் விட்டுப் போயிருக்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு வாட்டுக்கு 2 டிகிரி ஏறும் உடம்பு என்று வைத்துக்கொள்வோம். வெளியே 40 டிகிரி. 10 வாட் ஓடினால் உடம்பு 60, 25 வாட் ஓடினால் 90. சென்னையில் 2003 மே 31 அன்று நிழலிலேயே 45 டிகிரி பதிவானது. தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூடும். சிப் தாங்கிவிடும், இன்டெல் என்100 போன்றவற்றுக்கு வரம்பு 105 டிகிரி. ஆனால் டேட்டாவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, சாதாரண ரகமானால் 70 டிகிரி வரைக்கும்தான். 85 வரை தாங்கும் இண்டஸ்ட்ரியல் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாதிப் பேர் கோட்டை விடுவது மாட்டும் இடத்தில். தூசிக்குப் பயந்து ஃபேன் இல்லாத பெட்டியை மூடிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அதன் மூச்சையே அடைத்தது போல. சூடான காற்று மேலே ஏறிப் போக வழி வேண்டும். அலுமினிய உடம்பில் உள்ள பள்ளங்கள் மேலும் கீழுமாக இருக்கும்படி, வெயில் படாத பக்கம், இரும்புத் தூணோடு ஒட்டி முடுக்கினால் தூணும் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தால் போதும், அதை வாட்ச்மேனே செய்துவிடுவார்.

ராஸ்பெர்ரி பை 4 போன்ற கையளவுக் கம்ப்யூட்டர் போர்டை அலுமினியக் கேஸில் போடுவது இன்னும் மலிவு. 80 டிகிரியில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். எடையைப் பதிந்து அனுப்ப அது தாராளம், மெமரி கார்டு மட்டும் தரமானதாக இருக்கட்டும். சின்ன ஏசி வைத்த பெட்டி நாலாவது வழி. கரன்ட் போய் ஏசி நின்றால், மூடிய பெட்டிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆளில்லாத இடத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

எடை மேடைக்கும் கேட்டுக்கும் என் ஓட்டு ஃபேன் இல்லாத, 10 வாட்டுக்குள் ஓடும் பெட்டிக்குத்தான். நாலைந்து கேமராவில் நம்பர் பிளேட் படிக்கும் வேலை என்றால் ஃபேன் உள்ள பெரிய மெஷினே வேண்டும். அதை யார்டு ஆபீஸ் அறையில் வைத்து, லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை.