வனச்சாலைத் தணிக்கையில் சூன்டோ பிஎம்-5 சாய்வுமானி: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

சூன்டோ நிறுவனத்தின் பிஎம்-5/360 பிசி உள்ளங்கையில் அடங்கும் அலுமினியச் சாய்வுமானி, அதாவது சரிவை அளக்கும் கருவி. திரவம் நிரம்பிய கூட்டுக்குள் ஒரு வட்டு சுழல்கிறது. துளை வழியே பார்த்தால் இடப்பக்கம் டிகிரி, வலப்பக்கம் சதவீதம் (கிடைமட்டமாக 100 மீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏற்ற இறக்கம்). பேட்டரி வேண்டாம். திசைகாட்டியைப் போலக் காந்தத்தை நம்பி இயங்குவதில்லை என்பதால் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அளந்தாலும் எண் மாறாது.

சாலை செல்லும் திசையிலான ஏற்ற இறக்கத்தை, அதாவது நெடுக்குச் சரிவை அளக்க இதைத் தாராளமாக நம்பலாம். ஆனால் குறி வைக்கும் இடம் சரியாக இருக்க வேண்டும். அளப்பவரின் கண் உயரத்திலேயே ஒரு கம்பில் ரிப்பன் கட்டி, அதைத்தான் பார்க்க வேண்டும். 1.6 மீட்டர் உயரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளித் தரையைக் குறிவைத்தால், சமதளச் சாலையும் 8 சதவீத இறக்கமாகத் தெரியும்.

பதிவேட்டில் அதிகம் நுழையும் பிழை, பக்கம் மாற்றிப் படிப்பது. அனுமதி நிபந்தனையில் 12 சதவீத வரம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7 டிகிரிச் சாலை 12.3 சதவீதம், அதாவது வரம்பு மீறல். இடப்பக்கத்தைப் படித்தவர் வெறும் '7' என்று எழுதினால் அதே சாலை தேறிவிடும். எண்ணோடு அலகையும் ஏற்றமா இறக்கமா என்பதையும் எழுதாத பதிவைத் தணிக்கைச் சான்றாக ஏற்கவே கூடாது.

நீண்ட தூரத்துக்கு ஒரே அளவு எடுப்பதும் ஆபத்து. 120 மீட்டருக்குச் சராசரி 10 சதவீதம் என்ற எண், நடுவே இருக்கும் 20 மீட்டர் நீளச் செங்குத்தான பகுதியை மறைத்துவிடும். மண் அரிப்பு தொடங்குவது அங்கேதான். சாலையில் ஓடும் மழைநீரின் ஆழம் மாறாதிருந்தால் சரிவு நான்கு மடங்காகும்போது வேகம் இரண்டு மடங்காகும். ஆகவே சரிவு மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அடுத்த மாற்றம் வரை தனியாக அளக்க வேண்டும். நீரைச் சாலைக்கு வெளியே திருப்பும் குறுக்கு வடிகால்களின் இடைவெளி போதுமா என்பதையும் அந்தந்தத் துண்டின் சரிவை வைத்தே பார்க்க வேண்டும்.

சாலையின் குறுக்குச் சரிவுக்கு இந்தக் கருவி உதவாது. 4 மீட்டர் அகலச் சாலையில் 4 சதவீதம் என்றால் 16 சென்டிமீட்டர் இறக்கம்தான். குறி 4 சென்டிமீட்டர் தவறினாலே ஒரு சதவீதம் பிசகும். நேரான பலகை, ரசமட்டம், டேப் போதும். அவை இதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஓடைக் கரையை ஒட்டி மரம் வெட்டாமல் விடும் பாதுகாப்புப் பட்டையில் கருவியின் பயன் வேறு வகை. விதி கிடைமட்ட தூரத்தைச் சொல்கிறதா, சரிவோடு அளந்த தூரத்தையா என்று முதலில் படித்துக்கொள்ள வேண்டும். 50 சதவீதச் சரிவில் டேப் 20 மீட்டர் காட்டினால் கிடைமட்டத்தில் அது 17.9 மீட்டர்தான். மரம் வெட்டிய எல்லை விதிக்கு உட்பட்டதா மீறியதா என்பதை இந்த 2.1 மீட்டர் தீர்மானிக்கலாம்.

தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை அவசியம். இரண்டு கம்புகளில் ஒரே உயரத்தில் குறியிட்டு, கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் பார்க்க வேண்டும். ஏற்றம் 11, இறக்கம் 9 என்று வந்தால் உண்மைச் சரிவு 10. கருவியின் பிழை 1. கீழே விழுந்த கருவியில் வட்டு சிக்கிக்கொள்ளக்கூடும். மெல்லச் சாய்த்தால் வட்டு தடையில்லாமல் நகர வேண்டும். தயங்கினால் அன்று பயன்படுத்தக் கூடாது. திரவத்தில் சிறு குமிழி தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

இரு கண்களையும் திறந்து, ஒன்றால் அளவையும் மற்றொன்றால் இலக்கையும் பார்ப்பது வழக்கமான முறை. இரு கண்களின் பார்வைக் கோடும் சரியாக ஒத்துப்போகாதவர்களுக்கு எண் பிசகும். ஒரு கண்ணால் மட்டும் பார்த்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

குறையென்றால் வெளிச்சம். அடர்ந்த மரநிழலில் எண்கள் மங்குகின்றன. பிடிக்கும் விரல் பக்கவாட்டுக் கண்ணாடியை மூடினால் இன்னும் மோசம். எண்ணைச் சேமித்து வைக்கவும் வழியில்லை, எல்லாம் கையெழுத்துப் பதிவுதான். இருந்தும், தகராறு வந்தால் இரு தரப்பும் அதே இடத்தில் நின்று அதே எண்ணைப் படித்துப் பார்க்க முடிகிறது. நெடுக்குச் சரிவுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம்.