காசியில் தேவ் தீபாவளிப் படகு: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2024 நவம்பர் 15. வடக்கே கார்த்திக் பூர்ணிமா, நமக்கு ஐப்பசிப் பௌர்ணமி. நம்மூர் சிவன் கோவில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் அதே நாளில் காசியில் தேவ் தீபாவளி. சிவன் முப்புரம் எரித்ததைக் கொண்டாடத் தேவர்கள் கங்கைக்கு இறங்கி வருகிறார்கள் என்பது நம்பிக்கை. அஸ்ஸியில் தொடங்கி ராஜ் காட் ('காட்' என்றால் படித்துறை) தாண்டி வரை எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகளில் படிக்குப் படி அகல் எரியும். அம்மாவுக்குப் பல வருட ஆசை. அம்மா, பெரியம்மா, நான், மனைவி, மகள் என்று ஐந்து பேராகக் கிளம்பினோம். ஊரிலிருந்தே பன்னிரண்டு அகல் விளக்குகளை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தார் அம்மா.

தங்கியது அனுமான் காட் பக்கம். பாரதி இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது இந்தப் பகுதியில்தான். தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும், இட்லி கிடைக்கும். வெளியூர் வந்த பயமே போய்விடும். நான் கோட்டை விட்டதும் அங்கேதான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, கேதார் காட்டில் சாமி கும்பிட்டுவிட்டு அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த படிகளில் உட்கார்ந்திருந்தோம். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒருவர் வந்தார். "அண்ணா, மதுரைப் பக்கமா? பேச்சிலேயே தெரியுது" என்றார். நல்ல தமிழ். அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டத்துல உங்களால நடக்க முடியாதும்மா. நானும் உங்க பையன் மாதிரிதான், படகு நான் பாத்துக்கறேன்" என்றார். அம்மா உருகிவிட்டார். நானும்தான்.

பேசிய விஷயம் இது. எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தனிப்படகு, 12,000 ரூபாய். மாலை 4 மணிக்கு அஸ்ஸியில் ஏறி, மறு கோடியில் உள்ள நமோ காட் வரை போய்த் திரும்பி அஸ்ஸியிலேயே இறங்கலாம். பாதிப் பணம் முன்பணம். ஜிபேயில் 6,000 அனுப்பும்போது திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "அண்ணி அக்கவுன்ட்ணா" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். படகைக் காட்டு என்று கேட்கத் தோன்றவே இல்லை. இந்திக்காரர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

விழா அன்று மதியத்திலிருந்தே ஆட்டோவைத் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வயதானவர்களையும் கைத்தாங்கலாக அஸ்ஸிக்கு அழைத்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. போன் செய்தால் "அஞ்சு நிமிஷம்ணா". நாலே முக்காலுக்கு மேல் போன் சுவிட்ச் ஆஃப். ஐந்து மணி வாக்கில் ஒரு பையன் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் காட்டியது பெரிய மோட்டார் படகு. அதில் ஏற்கெனவே நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது, அம்மாவால் நிற்க முடியவில்லை, ஏறிவிட்டோம். லைஃப் ஜாக்கெட் மூன்றே மூன்று, ஓட்டுநர் பின்னால் ஆணியில் தொங்கின.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: காட்சி அப்படி ஒரு காட்சி. சேத் சிங் கோட்டைச் சுவரில் லேசர் ஒளி, அதற்கப்புறம் கரை முழுக்கப் பொன் வரிசை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு ஆற்றில் இன்ஜினை நிறுத்தினார்கள். ஒருவர் ஆளுக்கு 2,500 என்று வசூலித்துக்கொண்டு வந்தார். முன்பணம் கொடுத்தாயிற்று என்று போனைக் காட்டினேன். "யாரிடம் கொடுத்தாயோ அவரிடம் கேள், எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை" என்று இந்தியில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். மற்ற பயணிகள் என்னைத்தான் முறைத்தார்கள், படகு கிளம்பவில்லையே. 12,500 கொடுத்தேன். 12,000 பேசிய இடத்தில் மொத்தம் 18,500.

நமோ காட் எல்லாம் கிடையாது. தசாஸ்வமேத காட் எதிரே ஆரத்திக்காக நின்ற படகு நெரிசலைக் காட்டி அத்தோடு திருப்பிவிட்டார்கள். அதற்கு அப்பால் இருக்கும் பஞ்சகங்கா காட்டில் அகல்யாபாய் காலத்துக் கல் தீபத்தூணில் விளக்கேற்றுவதைப் பார்க்கத்தான் பெரியம்மா வந்ததே. திரும்பும்போதும் அஸ்ஸி வரை வராமல் சிவாலா பக்கம் ஒதுக்கினார்கள். கரையில் இடமில்லை. வரிசையாகக் கட்டியிருந்த மூன்று படகுகளைத் தாண்டித்தான் படிக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் ஆடுகிறது, நடுவில் ஒரு முழ இடைவெளியில் கறுப்பாகத் தண்ணீர். அறுபத்தெட்டு வயது அம்மா ஒரு கையில் அகல் பொட்டலமும் மறு கையில் என் தோளுமாகத் தாண்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பொட்டலத்தில் நாலு விளக்கு உடைந்துவிட்டது. நல்லவேளை, அங்கிருந்து எங்கள் விடுதி பக்கம்.

மறுநாள் விடியற்காலையில் கேதார் காட்டில் ஒரு கிழவர் துடுப்புப் படகில் எங்களை மணிகர்ணிகா வரை கூட்டிப்போய் வந்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இறங்கிய பிறகு 800 வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த எட்டு அகல் விளக்கையும் அம்மா அவர் படகில்தான் ஏற்றிவைத்தார்.

போகிறவர்கள் முதலில் படகைக் கண்ணால் பாருங்கள், அதில் எழுதியிருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். முழுப் படகா, ஆளுக்கா, எங்கிருந்து எங்கே, எங்கே இறக்குவார்கள் என்பதை வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். பெரிய தொகையை இறங்கிய பிறகு கொடுங்கள். பணம் வாங்கும் பெயரும் ஆளின் பெயரும் வேறாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தகராறு என்றால் போலீஸ் அவசர எண் 112, பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. நான் ஊருக்கு வந்து நான்கு நாள் கழித்து 1930-ஐ அழைத்தேன், புகார் எண் மட்டும் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் உடன் இருந்தால் படகே வேண்டாம் என்பேன். மூன்று மணிக்கே ஏதாவது ஒரு படித்துறையில் இடம் பிடித்து உட்கார்ந்தால் போதும், அதே விளக்குதான்.

விசுவநாதர் கோவில் பக்கம் 'இலவச லாக்கர்' என்று போனை வாங்கி வைத்துக்கொண்டு பூத்தட்டை 500 ரூபாய்க்குத் தலையில் கட்டும் கடைகள், மயானக் கட்டத்தில் 'விறகு தானம்' என்று கிலோ கணக்குச் சொல்பவர்கள் பற்றி எல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். அவர்களிடம் தப்பித்துவிட்டேன். அவர்கள் தமிழ் பேசவில்லை.

முன்பணம் வாங்கிய அந்தத் தமிழ் ஆளின் எண் இன்னும் வேலை செய்கிறது. புது எண்ணிலிருந்து அழைத்தால் "வணக்கம்ணா, சொல்லுங்க" என்று எடுக்கிறார். என் குரலைக் கேட்டதும் இந்திக்கு மாறிவிடுகிறார்.