வண்டி எண் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்: பேண்ட் செட் பிள்ளைகளோடு மதுரை போய் நாங்கள் பட்ட பாடு

பாளையங்கோட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் பி.டி. டீச்சர். போன ஐப்பசியில் எங்கள் பேண்ட் செட் பிள்ளைகள் 30 பேரை மதுரையில் நடந்த ஒரு போட்டிக்குக் கூட்டிப் போனோம். வண்டி பேசிவிட்ட புரோக்கர் எங்களை ஏமாற்றிய விதத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஜனவரி 26 அணிவகுப்புக்கு பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் வர வண்டி தேடும் பள்ளிகள் இருப்பீர்கள். தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

பேசியது 40 சீட் டூரிஸ்ட் பஸ். கீழே டிக்கி இருக்கும், டிரம் எல்லாம் அதில் போய்விடும் என்றார். டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். ஜிபேயில் 10,000 அனுப்பினேன். பஸ்ஸின் போட்டோகூட அனுப்பினார். வண்டி எண் கேட்டதற்கு, "ரெண்டு வண்டி நிக்கி டீச்சர், எது ஃப்ரீயா இருக்கோ அத அனுப்புதேன், நீங்க ஒண்ணும் யோசிக்காதிய" என்றார். அந்த இடத்தில் நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

எட்டு மணிக்குள் மைதானத்தில் பெயர் கொடுக்க வேண்டும், ஒன்பதரைக்கு எங்கள் முறை. மதுரைக்கு சுமார் 160 கிலோமீட்டர். அதனால் மூன்றரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. பிள்ளைகள் மூன்று மணிக்கே யூனிபார்ம் போட்டு, தொப்பிக் குஞ்சத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார்கள். நாலு மணிக்கு போன் போட்டால், "பாலத்த தாண்டிட்டான் டீச்சர், இந்தா வந்துட்டான்." நாலரைக்குக் கேட்டாலும் அதே பாலம்தான்.

ஐந்து பத்துக்கு இரண்டு வேன்கள் வந்தன. ஒன்று மஞ்சள் போர்டு (வாடகை வண்டி), 18 சீட். இன்னொன்று வெள்ளை போர்டு (சொந்த உபயோக வண்டி), 12 சீட். டீச்சர்கள், பேண்ட் மாஸ்டர் சேர்த்து நாங்கள் 33 பேர். பஸ் பிரேக் டவுன் ஆகிவிட்டது என்று சொன்னார்கள். அந்த பஸ் புரோக்கர் கையிலேயே இல்லை, வேறு யாரோ ஒருவருடைய பஸ்ஸின் போட்டோ என்பது பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் வேறு வண்டிக்கு எங்கே போவது? சின்னப் பிள்ளைகளை மடியில் உட்கார வைத்து ஏறினோம். டிக்கி இல்லாததால் டிரம் எல்லாம் மேலே கேரியரில் போனது. மூட ஒரு தார்ப்பாய்தான், அதுவும் கிழிசல்.

கயத்தாறு தாண்டியதும் மழை பிடித்தது. ஐப்பசி மழையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி, சாத்தூர் வரை விடவில்லை. நிறுத்தி டிரம்மை உள்ளே வாங்கக்கூட இடமில்லை. விருதுநகர் தாண்டியதும் வெள்ளை போர்டு வேன்காரர் நாற்கரச் சாலையை விட்டு ஊர் ரோட்டில் இறங்கிவிட்டார். செக்கிங் நிற்கும், மாட்டினால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்றார். அந்தச் சுற்றில் போனது முக்கால் மணி நேரம். மைதானத்துக்குள் நுழையும்போது பத்தேகால்.

போட்டி நடத்தியவர்கள் நல்லவர்கள். கடைசி அணியாக ஆடச் சொன்னார்கள். ஆனால் டிரம்மை இறக்கியபோது பேண்ட் மாஸ்டர் முகம் செத்துப்போனது.

சைடு டிரம்முக்கெல்லாம் பிளாஸ்டிக் தோல் மாற்றியிருந்தோம், துடைத்ததும் தேறிவிட்டன. பேஸ் டிரம் மட்டும் பழசு, இரண்டு பக்கமும் அசல் தோல். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்துவிடும். கோயில் கொடையில் கணியான் கூத்துக்கு மகுடம் என்ற தோல் வாத்தியம் அடிப்பவர்கள் தீயில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் பிள்ளைகளே, "சார், காய்ச்சிருவோமா?" என்று கேட்டார்கள். நனைந்து ஊறிய தோலை அவசரமாகச் சூடு காட்டினால் கிழிந்துவிடும் என்று மாஸ்டர் தடுத்துவிட்டார். முறுக்காணியை முடிந்தவரை இறுக்கினார், பிரயோசனம் இல்லை.

பேண்ட் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடையே பேஸ் டிரம்மை நம்பித்தான். அதன் அடியில்தான் இடது கால் விழும். பியூகிளும் புல்லாங்குழலும் முன்னே ஊதும்போது பின் வரிசைக்கு வயிற்றில் வந்து இடிக்கிற சத்தம் அது ஒன்றுதான். அன்றைக்கு அது நனைந்த மூட்டையைத் தட்டியது போல இருந்தது. திரும்பும் இடத்தில் கடைசி இரண்டு வரிசைக்குக் கால் மாறிப்போனது. ஜூன் மாதத்திலிருந்து பள்ளி விட்ட பிறகு வெயிலில் நின்று பழகிய பிள்ளைகள். பேஸ் டிரம் அடித்த பத்தாம் வகுப்புப் பிள்ளை, தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு அழுதாள். உன் தப்பு இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவள் மனசு ஆறவில்லை.

இதைவிட மோசமானது திரும்பும்போது நடந்தது. சாயங்காலம் ஏழு மணி. இரண்டு டிரைவர்களும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தங்களுக்குப் புரோக்கர் டீசலுக்குக்கூடப் பணம் தரவில்லை, 6,000 கொடுத்தால்தான் வண்டி எடுப்போம் என்று நின்றுவிட்டார்கள். மீதி 14,000 ரூபாயை அன்றைக்குக் காலையிலேயே புரோக்கர் போனில் கெஞ்சி வாங்கியிருந்தார். இப்போது அவர் போன் சுவிட்ச் ஆஃப். இருட்டில் 30 பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன வழக்குப் பேச முடியும்? டீச்சர்கள் கையில் இருந்ததைப் போட்டுக் கொடுத்தோம். பள்ளி வந்து சேர இரவு பன்னிரண்டு. பெற்றவர்கள் வாசலில் நின்ற நிலையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மறுநாள் கேட்டதற்குப் புரோக்கர் சொன்னது: "வண்டி போச்சுல்லா, வந்துச்சுல்லா? பெறவு என்ன டீச்சர்?"

பிறகுதான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது. அப்படி ஏற்றிப் போகும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க இடம் இருக்கிறது. வண்டி எண் மட்டும் தெரிந்தால் அரசின் எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் எது வரைக்கும் செல்லும் என்று பார்த்துவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. எண் தராத ஆளிடம் பேச்சே வேண்டாம். எண், சீட், கிளம்பும் நேரம், டோல் பேட்டா யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தில் பாதியையாவது பிள்ளைகள் பள்ளி வாசலில் இறங்கும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் புரோக்கர் இல்லாமல் வண்டி உரிமையாளரிடமே நேரில் போய், வண்டியைக் கண்ணால் பார்த்துப் பேசுங்கள். தோல் வாத்தியம் எதையும் மேலே ஏற்றாதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். 5 லட்சம் வரை பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் கொடுத்தது 30,000. ஜிபே ரசீது, அவர் அனுப்பிய பஸ் போட்டோ, வேன்களை நான் எடுத்த படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வழக்கு முடியும் வரை அவர் பெயரை இங்கே போடவில்லை.

பேஸ் டிரம்முக்குத் தோல் மாற்றக் கொடுத்திருக்கிறோம். ஜனவரி 26-க்கு வேறு ஒருவரிடம் பஸ் பேசியிருக்கிறேன். எண் இன்னும் அனுப்பவில்லை. அது வரும் வரை ஒரு ரூபாய்கூட அனுப்பப் போவதில்லை.